யாருமில்லாதவர்களுக்கு மேலதிகப் புள்ளி

என் கணவர் ஒரு படகோட்டியை உருவாக்கிக்கொண்டு வந்தார். அந்தப் படகோட்டிக்குத் தண்ணீர் என்றால் பயம்.

"தண்ணிக்குப் பயந்தவன் என்னத்துக்கப்பா படகோட்டுறான்?" என்று கேட்டேன்.

"அதுதான் கதையே" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கதையாம். அந்தப் படகோட்டிக்குப் பலம் இல்லை, வேகமும் இல்லை. இருந்த புள்ளிகளில் பாதியைப் பாட்டுப் பாடுவதில் போட்டுவைத்திருந்தார். மிச்சத்தில் ஒரு பகுதியைக் கரையில் அவனுக்காகக் காத்திருக்கும் மனைவிக்கும் அவள் வளர்க்கும் ஆட்டுக்கும் செலவழித்திருந்தார். முதல் சண்டையிலேயே செத்துப்போவான் என்று சொன்னேன். செத்துத்தான் போனான். சாகும்போது என் கணவர் அவனுடைய குரலில் ஒரு பாட்டுப் பாடினார். எங்கள் தோழி கண்ணைத் துடைத்தாள். நான் பகடையைத் துடைத்து டப்பாவில் வைத்தேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இது ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் கெலிஓயாவில் அந்தத் தோழியின் வீட்டு மேல்மாடியில் நாங்கள் ஆடும் ஆட்டம். ஒருவர் உலகத்தை நடத்துவார். அங்கே மலை எங்கே, ஆறு எங்கே, அரசன் நல்லவனா கெட்டவனா என்பதெல்லாம் அவர் பொறுப்பு; எங்கள் மேசையில் அது தோழி. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை உருவாக்கி அந்த உலகத்துக்குள் நடமாடுவார்கள். ஆரம்பத்தில் எல்லோருக்கும் ஒரே அளவு புள்ளி. அதைப் பலத்துக்கு, வேகத்துக்கு, அறிவுக்கு, பேச்சுக்கு என்று பிரித்துப் போடவேண்டும். எதிரி வந்தாலோ, கதவு பூட்டியிருந்தாலோ, பொய் சொல்ல வேண்டி வந்தாலோ இருபது முகப் பகடையை உருட்டுவோம். விழுகிற எண்ணோடு நீங்கள் போட்டுவைத்த புள்ளியைக் கூட்டினால் தப்பினீர்களா இல்லையா என்பது தெரிந்துவிடும். அப்படிப் புள்ளி பிரித்து ஓர் ஆளைக் கட்டியெழுப்புவதை இந்த ஆட்டக்காரர்கள் 'பில்ட்' என்பார்கள்.

என்னைப் போன்றவர்களுக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பவர் கேமர். அதைச் சொல்லும்போது முகத்தைக் கொஞ்சம் சுளிக்கவேண்டும். விதிப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்து, ஒரு புள்ளியும் வீணாகாமல், தோற்கவே முடியாத ஆளைக் கட்டுகிறவர்கள் நாங்கள். என் கணவரைப் போன்றவர்கள் ரோல் பிளேக்காரர்கள். அவர்களுக்கு வெற்றி தோல்வி முக்கியமில்லை, பாத்திரமாக வாழவேண்டும். உலகத்தில் எல்லா இடத்திலும் இந்த இரண்டு கூட்டமும் சண்டை பிடிக்கிறது என்று இணையத்தில் வாசித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் அது ஒரே கட்டிலில் நடக்கிறது.

என் ஈட்டிக்காரியைப் பற்றிச் சொல்லவேண்டும். அவளுக்குப் பலமும் வேகமும் உச்சம். பேச்சு அடிமட்டம், ஏனென்றால் பேசவேண்டிய இடத்தில் பேச என் கணவர் இருந்தார். அவளுக்குத் தாய் இல்லை, தகப்பன் இல்லை, ஊர் இல்லை. இதில்தான் தோழி வைத்த விதி ஒன்று வருகிறது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் 'பிணைப்பு' என்று ஓர் இடம் உண்டு. அந்த ஆளால் விட்டுவிட்டுப் போகவே முடியாத ஒருவரின் பெயரை அதில் எழுதவேண்டும். எழுதினால் சில புள்ளிகள் குறையும். வெறுமையாக விட்டால் அந்தப் புள்ளிகளைப் பலத்தில் போட்டுக்கொள்ளலாம். அந்த இடத்தை நான் ஒருநாளும் நிரப்பியதில்லை. நான் உருவாக்கியவர்கள் எல்லோருமே அநாதைகள்.

"நீ ஒரு அநாதை மடமே நடத்துற" என்பார் என் கணவர்.

"உங்கட ஆட்டுக்காறன்கள் செத்துப்போறாங்கள், என்ர அநாதையள் உயிரோட இருக்கினம்" என்பேன் நான்.

வாதம் என்று வந்தால் நான் விட்டுக்கொடுப்பதில்லை. செத்தவனுக்கு என்ன கதை? கதை நடப்பதற்கே முதலில் ஆள் உயிரோடு இருக்கவேண்டும். அவர் அதற்கு, எல்லாவற்றையும் சரியாகச் செய்கிற ஒருத்தியிடம் கேட்பதற்கு ஒன்றுமே இல்லை என்பார். எங்கள் தோழி இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு, "சண்ட முடிஞ்சா சொல்லுங்க, அரக்கன் ஒருத்தன் வெளிய காத்துக்கிட்டு ஈக்கிறான்" என்பாள்.

அவளும் நானும் பேராதனையில் ஒன்றாகப் படித்தவர்கள். இப்போது அவளுடைய வாப்பாவின் ஹார்ட்வெயார் கடையை அவளே நடத்துகிறாள். கீழே பெயின்ட், ஆணி, பீலிக் குழாய். மேலே ஒரு முழு இராச்சியம். எரிபொருள் வரிசைகளின் காலத்தில், எங்கும் போக முடியாமல் கிடந்தபோது, இந்த ஆட்டத்தை எங்களுக்குப் பழக்கியவர் இன்னொரு நண்பர். மயக்கமருந்து மருத்துவர். அவர்தான் பகடைகளைக் கொண்டுவந்தவர். ஆட்டம் எங்களுக்குப் பிடிபட்ட நேரத்தில் அவர் குடும்பத்தோடு வெளிநாடு போய்விட்டார். அவருடைய கதிரையில் இப்போது பெயின்ட் நிற அட்டைகள் அடுக்கியிருக்கின்றன. போன பிறகு அவர் ஒரு படம் அனுப்பினார், பெரிய வெளி, பெரிய வானம், சின்னதாய் அவர்.

அந்தப் படத்தைப் பார்த்த அன்றுதான் நானும் போகவேண்டும் என்று முடிவெடுத்தேன். எனக்குப் பொறாமை. அதை மறைக்க நான் தயாரில்லை.

நான் ஒரு மருத்துவ ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். இரத்தம், சிறுநீர், சளி என்று நாள் முழுவதும் மற்றவர்களின் உடம்புக்குள் எட்டிப் பார்க்கிற வேலை. அவுஸ்திரேலியாவுக்கு அந்த வேலை தேவையாம். என் கணவர் ஒரு தமிழ்ப் பாடசாலையில் நாடகமும் அரங்கியலும் கற்பிக்கிறார். அந்த வேலை அவர்களுக்குத் தேவையில்லையாம். அவர்கள் குடியேற வருகிறவர்களைப் புள்ளி போட்டுத்தான் எடுக்கிறார்கள். வயதுக்குப் புள்ளி, படிப்புக்குப் புள்ளி, அனுபவத்துக்குப் புள்ளி, ஆங்கிலத்துக்குப் புள்ளி. அந்தப் பக்கத்தை முதல்முறை கைபேசியில் திறந்தபோது எனக்கு ஊருக்கு வந்ததுபோல இருந்தது. இது எனக்குத் தெரிந்த ஆட்டம்.

சிறுவயதிலிருந்தே தெரிந்த ஆட்டம். யாழ்ப்பாணத்தில் என் அப்பா என்னை அப்படித்தான் கட்டினார். காலையில் ஒரு டியூஷன், பள்ளிக்கூடம், பிறகு இரண்டு டியூஷன். வயலின் வகுப்பு சாதாரண தரப் பரீட்சையோடு நின்றது. பல்கலைக்கழகத்துக்கு எடுக்கப் பார்க்கிற இசட் புள்ளி அதற்குக் கிடையாது. நான் அழுததாக ஞாபகம் இல்லை. அப்பா கெட்டவரும் இல்லை. கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்தவர். ஷெல் விழத் தொடங்கி ஊரே எழும்பி நடந்தபோது, எங்கள் வீட்டில் முதலில் கைக்கு வந்தது சான்றிதழ்கள் போட்ட பை. அரிசி பிறகு, உடுப்பு பிறகு. அந்தப் பை இருந்தால் எங்கே போயும் திரும்ப ஓர் ஆளாக நிற்கலாம் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. வயலின் சுவரில் தொங்கியபடியே நின்றுவிட்டது. அதைத் தூக்கிக்கொண்டு யார் நடப்பது? இன்றைக்கும் நான் அதைச் சரி என்றுதான் சொல்லுவேன். ஆனால் சொல்லும்போது கொஞ்சம் எரிச்சல் வருகிறது, யார் மேல் என்று தெரியவில்லை.

என் கணவர் மலையகத்து ஆள். அவருடைய அம்மாவும் அப்பாவும் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். அந்த வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் வந்தவர் அவர் ஒருவர்தான். அப்படி வந்தவர் மருத்துவமோ பொறியியலோ படிக்காமல் நாடகம் படித்தார். வேண்டுமென்றே பலவீனமான பில்ட். அதைக் காதலித்தது நான்தான் என்பதால் அதிகம் பேச எனக்கு வாயில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அது வேறு விஷயம், இங்கே அதைச் சொல்லப்போவதில்லை.

கணக்குப் பார்த்தேன். என்னுடைய புள்ளிகள் அழைப்பு வருகிற கோட்டுக்கு மிகப் பக்கத்தில் வந்து நின்றன. கொஞ்சம் போதாது. துணைவருக்கு ஆங்கிலமும் தேவைப்படுகிற தொழிலும் இருந்தால் மேலதிகமாகப் புள்ளி உண்டு. ஆங்கிலம் மட்டும் இருந்தாலும் அதில் பாதி கிடைக்கும். அந்தப் பாதி எங்களுக்குப் போதும். ஒரே அவசரம் என் வயது. நாற்பது பிறந்துவிட்டால் வயதுக்கான புள்ளி ஒரேயடியாக இறங்கிவிடும். பிறகு அவருடைய ஆங்கிலம் வந்தாலும் பிரயோசனம் இல்லை. நாற்பதுக்கு அதிக காலம் இருக்கவில்லை.

ஆகவே என் கணவரைக் கட்டத் தொடங்கினேன்.

கண்டியில் ஓர் ஆங்கில வகுப்பில் சேர்த்துவிட்டேன். பாடசாலை முடிந்து நேரே அங்கே போவார். வீட்டுக்கு வந்தால் நான் கேள்வி கேட்பேன். உங்களுக்குப் பிடித்த இடம் எது, ஏன்? நீங்கள் மறக்க முடியாத ஒரு பயணத்தைப் பற்றிச் சொல்லுங்கள். தமிழில் கேட்டால் அந்த மனுஷன் அந்தப் பயணத்திலேயே என்னையும் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். ஆங்கிலத்தில் கேட்டால் கல்லாகிவிடுவார். கல் என்றால் உண்மையாகவே கல். கழுத்துக்கூட அசையாது.

"இது ஒரு பாத்திரம் எண்டு நினையுங்கோவன்" என்றேன் ஒருநாள். "ஆங்கிலம் தெரிஞ்ச, வெளிநாடு போக ஆசைப்படுற ஒரு ஆள். நீங்கள் நடிகன்தானே?"

"அந்தாளு எதுக்குப் போகணும்னு ஆசப்படுறாரு?" என்று கேட்டார்.

"என்னத்துக்கா? போறதுக்கு."

"அது பத்தாது. உள்ளுக்குள்ள ஒரு காரணம் வேணும். இல்லேன்னா வாயில வராது."

நான் குசினிக்குப் போய்ப் பாத்திரங்களைச் சத்தமாக அடுக்கினேன். அவர் எனக்காகத்தான் போகிறார் என்பது எனக்குத் தெரியும். அது ஒரு காரணமாக அவருக்குப் போதவில்லை என்பதுதான் தாங்கவில்லை. அல்லது அது போதும், அதை ஆங்கிலத்தில் சொல்லத் தெரியவில்லை. எது என்று நான் கேட்கவில்லை.

முதல் ஆங்கிலச் சோதனையில் எழுத்துப் பகுதியைக் கொஞ்சத்தில் தவறவிட்டார். இரண்டாவது முறை எழுத்தில் தேறி, பேச்சில் விட்டார். பேச்சில். வகுப்பறையில் இவர் பேசினால் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் வந்து நிற்பார்கள். முடிவு வந்த அன்று நான் ஆய்வுகூடத்துக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வீட்டுக்கு வந்து, "பரவாயில்லையப்பா" என்றேன். அவர் அதை நம்பினாரோ தெரியாது. அன்று இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் சாப்பிட்டோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கெலிஓயாவுக்குப் போனபோது, அவர் புதிய பாத்திரத்தோடு வந்தார்.

அவருடைய பழைய ஆள் முந்திய வாரம் ஒரு கிழவியைக் காப்பாற்றப்போய்ச் செத்திருந்தான். தாளை என்னிடம் நீட்டினார். பார்த்தேன். இன்னொரு தடவை பார்த்தேன். கூலிக்குச் சண்டை போடுகிற வாள்வீரன் ஒருவன். புள்ளிகள் எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தன. பலமும் உடலுறுதியும் உச்சம். பாட்டு இல்லை. சமையல் இல்லை. கவசத்துக்கும் வாளுக்கும் இடையில் புத்தகத்தில் ஒரு மூலையில் ஒளிந்திருக்கும் ஒரு சலுகை உண்டு, அதைக்கூடக் கண்டுபிடித்துப் பயன்படுத்தியிருந்தார். எனக்கே அது பிடிபட ஒரு வருடம் எடுத்தது.

"இது நீங்களே கட்டினதோ?" என்றேன்.

"ரூல் புத்தகத்த மொத தடவையா முழுசாப் படிச்சேன்" என்றார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மேசைக்குக் கீழே அவருடைய காலை என் காலால் தட்டினேன். தோழியும் தாளை வாங்கிப் பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை.

"பிணைப்புல ஒண்டும் எழுதல்லியே சேர்?" என்றாள். ஆசிரியர் என்பதால் அவள் அவரை எப்போதும் சேர் என்றுதான் கூப்பிடுவாள்.

"இல்ல. இவனுக்கு யாரும் இல்ல."

"ஒரு ஆடாவது இல்லியா?"

"ஆடும் இல்ல."

ஆட்டம் தொடங்கியது. அன்றைக்கு எங்களுக்கு எதிரே நிற்க ஆளில்லை. ஈட்டிக்காரியும் வாள்வீரனும் மலைக்கோட்டையின் வாசலைத் தேங்காய் உடைக்கிற மாதிரி உடைத்தோம். வழமையாக மூன்று வாரம் இழுக்கிற இடத்தை ஒரு பின்னேரத்தில் முடித்தோம். ஆனால் என் கணவர் பேசவில்லை. பேச்சுக்குப் புள்ளி போடவில்லையே, ஆகவே அவருடைய ஆள் பேசமாட்டான். தோழி ஒரு காவல்காரனாக மாறிக் கேள்வி கேட்டாள். அவர் தலையை மட்டும் அசைத்தார். பிச்சைக்காரியாக மாறிக் கை நீட்டினாள். அவர் தாண்டிப் போனார். பவர் கேமர் கட்டுகிற ஆளைக் கட்டிவிட்டு, அவனையும் ரோல் பிளே செய்துகொண்டிருந்தார். அது எவ்வளவு நன்றாக இருந்தது என்றால், என் முறை வந்தபோது நான் பகடையை உருட்ட மறந்துபோனேன்.

ஆற்றங்கரைக்கு வந்தோம். தோணி சின்னது. கோட்டையிலிருந்து எங்களோடு தப்பி வந்த ஒரு கிழட்டுச் சிப்பாய் இருந்தான், காலில் காயம். "அவனையும் ஏத்தினா தோணி மெதுவாத்தான் போகும். பின்னால ஆக்கள் வாராங்க. என்ன செய்றீங்க?" என்று தோழி கேட்டாள். இப்படியான இடத்தில்தான் என் கணவர் எழுந்து நிற்பார், அரை மணித்தியாலம் மன்றாடுவார், நான் கைபேசியைப் பார்ப்பேன். அன்று அவர் பகடையைக்கூடத் தொடவில்லை.

"விட்டுட்டுப் போறோம்" என்றார்.

அது சரியான முடிவு. நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். எத்தனையோ தடவை சொல்லியும் இருக்கிறேன். ஆனால் அவர் வாயால் கேட்டபோது எனக்கு அந்தச் சிப்பாயின் மேல் இரக்கம் வந்தது. இல்லாத ஒரு கிழவனின் மேல், முதல்முறையாக.

தோழி புத்தகத்தை மூடிவிட்டுத் தேத்தண்ணீரும் மீன் பணிஸும் கொண்டுவந்தாள். வெளியே மழை பிடித்திருந்தது. கீழே கடைப் பையன்கள் சீமெந்துப் பைகளை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டது.

"என்ன திடீரெண்டு இப்பிடி ஒரு ஆளைக் கட்டினியள்?" என்று கேட்டேன். விளையாட்டாகக் கேட்கத்தான் நினைத்தேன்.

அவர் தேத்தண்ணீரை ஊதிக் குடித்தார். "யாரும் இல்லேன்னு போட்டா பாயின்ட் கூடக் கெடைக்குதுல்ல. அத படிக்கிறப்பதான் யோசிச்சேன். அங்கயும் அதே ரூல்தான்."

"எங்க?"

"அவுஸ்திரேலியாவுல. புருசன் பொண்டாட்டி இல்லாத தனியாளுக்கு முழுப் பாயின்ட் குடுக்கிறாங்க. இங்கிலீஷ் தெரியாத புருசன் இருந்தா ஒண்ணும் இல்ல. நீ தனியாளா இருந்தா இந்நேரம் கோட்டத் தாண்டியிருப்ப. உன் பர்த்டேக்கு முன்னாடியே அப்ளிகேஷன் போட்டுறலாம்."

தோழி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"பேப்பர்ல மட்டும்தான்" என்றார். "பேப்பர்ல பிரிஞ்சுக்குவோம். நீ போ. அப்புறம் பாத்துக்கலாம்."

"என்னத்த சேர் பேசுற?" என்றாள் தோழி. அவளுடைய கை பணிஸ் தட்டிலேயே நின்றுவிட்டது. "அப்பிடியெல்லாம் வாயால சொல்லவும் வாணாம்."

"கணக்குத்தானே சொல்றேன். இத்தன நாளா கணக்குப் பாக்கலேன்னு எனக்குத்தான் ஏச்சு."

"விசர்க்கதை கதைக்காதையுங்கோ" என்றேன். குரல் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "அந்தக் கணக்குப் பிழை."

"எங்க பிழ?"

இந்த மேசையில் விதி பற்றி என்னிடம் கேட்டு நான் பதில் சொல்லாமல் இருந்தது அன்றைக்குத்தான். எங்கே பிழை? பேப்பரில் பிரிவதற்கு எத்தனை வருடம் செல்லும் என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்லிப் போனால் ஒருநாள் பிடிபடும் என்று சொல்லியிருக்கலாம். அது ஒன்றையும் நான் சொல்லவில்லை. அவை என் ஆத்திரத்துக்குக் காரணமே இல்லை. இவ்வளவு காலமும் ஆட்டுக்கும் படகுக்கும் புள்ளியை வாரி இறைத்த மனுஷன், வாழ்க்கையில் முதல்முறையாக உட்கார்ந்து ஒரு பில்ட் போட்டு, அதில் வெட்டி எறிவதற்குத் தன்னையே எடுத்திருக்கிறார். அதுவும் பிழையில்லாமல். அந்தத் தாளைக் கிழித்து அவர் முகத்தில் எறியவேண்டும் போல இருந்தது. கிழிக்கவில்லை. மடித்து என் கைப்பைக்குள் வைத்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நெருக்கம். எனக்கு முன்பக்கத்தில் ஓர் இடம் கிடைத்தது, அவர் பின்னால் நின்றார். பேராதனைச் சந்தியில் மாணவர்கள் ஏறியதும் அவருடைய தலைகூடத் தெரியாமல் போனது. நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். எங்கே போய்விடப்போகிறார், அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஓடிவிடவா போகிறார்? இருந்தாலும் பார்த்தேன். பக்கத்தில் இருந்த சிங்களப் பெண் ஏதும் தொலைந்துவிட்டதா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

இதை எழுதும்போது அந்தப் பிறந்தநாள் போய்விட்டது. வயதுக்கான புள்ளியும் இறங்கிவிட்டது. போன வாரம் எங்கள் ஆய்வுகூடத்தில் இன்னொருத்தி விடைபெற்றுப் போனாள், கேக் வெட்டினோம், நான் சிரித்துக்கொண்டு நின்று படம் எடுத்தேன், வீட்டுக்கு வந்து ஒரு காரணமும் இல்லாமல் என் கணவரோடு சண்டை பிடித்தேன். சும்மா சொல்லக்கூடாது, எனக்கு அந்த ஆத்திரம் இன்னும் இருக்கிறது. அது போகும் என்றும் நினைக்கவில்லை. கெலிஓயாவில் என் ஈட்டிக்காரி இன்னும் அநாதைதான். அவளுடைய பிணைப்பை நிரப்பச் சொல்லித் தோழி கண்ணால் கேட்டாள், நான் மாட்டேன் என்றுவிட்டேன். ஆட்டத்தில் நான் நல்லவளாக வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் அவர் அந்தக் கணக்கைச் சொன்ன அன்று வீட்டுக்குப் போகிற வழியில் நடந்ததைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது.

கண்டியில் பஸ் மாறி, வாவியைச் சுற்றி அம்பிட்டியவுக்கு வந்து இறங்கினோம். எங்கள் வீட்டுக்கு அங்கிருந்து ஓர் ஏற்றம். மழை விட்டிருந்தது, தெருவோரக் கானில் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வழமையாக அந்த ஏற்றத்தில் அவர் அன்றைய ஆட்டத்தைத் திரும்ப ஒருமுறை நடித்துக் காட்டிக்கொண்டு வருவார், எனக்கு மூச்சு வாங்கும், சிரிக்கவும் முடியாது. அன்று இரண்டு பேரும் செருப்புச் சத்தத்தோடு நடந்தோம்.

"கோவமா இருக்க" என்றார்.

"ஓம்."

"நான் ஒன்னக் கொற சொல்லல. நீ அந்தத் தனியாள் வரியப் பாத்திருக்க மாட்ட. பக்கத்துல ரொம்பக் கீழ இருக்கு. எனக்கே தற்செயலாத்தான் கண்ணுல பட்டுச்சு."

நான் நின்றேன். இந்த மனுஷனுக்கு என்னைப் பற்றி என்னதான் தெரியும்? ஒரு விதிப் பக்கத்தைக் கையில் கொடுத்தால், முதலில் அடிவரியைப் பார்க்கிற ஆள் நான். சலுகைகள் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

"பாத்தனான்" என்றேன்.

"எப்ப?"

"முதல் நாளே பாத்தனான்."

அவரும் நின்றார். ஒரு முச்சக்கரவண்டி எங்களைக் கடந்து ஏற்றத்தில் முனகிக்கொண்டு போனது. அது வளைவில் மறையும்வரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அப்ப ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்கள் கணக்குப் பாப்பியள் எண்டு பயம்" என்றேன்.